பெற்ற மனம் பித்து

ஆங்கிலத்தில் ‘ஃபாண்ட்’ என்று ஒரு சொல் உண்டு. நம்மில் பலருக்கு அது பள்ளிக்கூடத்துக் கோடிட்ட இடத்தில்தான் அறிமுகம். அவளுக்கு இசை பிடிக்கும் என்பதை ஆங்கிலத்தில் எழுதி, ‘ஃபாண்ட்’ பக்கத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். ‘ஆஃப்’ என்று நிரப்பினால் ஒரு மதிப்பெண். பின்னால் வரும் ஒட்டுதான் அன்றைய பாடம். சொல்லைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பிடிக்கும், பிரியம் என்று மனத்தில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

அந்தச் சொல்லின் பூர்வீகம் பிரியம் இல்லை. பழைய ஆங்கிலப் பேச்சில் அது புத்தி பேதலித்தவனைக் குறித்தது. 14ஆம் நூற்றாண்டில் ஒருவனை ‘ஃபாண்ட்’ என்றால் அவன் மூடன், கிறுக்கன். ஷேக்ஸ்பியர் காலத்து நாடகங்களிலும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான், மூடத்தனமாக ஒருவர் மேல் ஒட்டிக்கொள்வது என்ற வழியாக, மெல்ல மெல்லப் பிரியத்தின் பக்கம் அது நகர்ந்தது. பழைய வாசனை இன்னும் ஓரிடத்தில் மிச்சமிருக்கிறது. நடக்கவே நடக்காது என்று தெரிந்தும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஆசையை ‘ஃபாண்ட் ஹோப்’ என்பார்கள். நம் ஊரில் நப்பாசை. இதற்கு ஒரு கூடப்பிறந்த சொல்லும் இருக்கிறது: ‘டோட்’. பேரப்பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கும் பாட்டியைச் சொல்ல அதைத்தான் எடுப்பார்கள். அதே வேரிலிருந்து வந்த ‘டோட்டேஜ்’ முதுமையில் புத்தி தடுமாறுவதைச் சொல்கிறது.

தமிழில் வளர்ந்த ஒருவருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். பேரன் மேல் பைத்தியமாக இருக்கிறாள் என்கிறோம், அந்தப் பிள்ளை என்றால் கிறுக்கு என்கிறோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சொல்லும்போது, அது பொன்குஞ்சு இல்லை என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் சொல்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் பிரியத்தையும் பேதைமையையும் ஒரே வீட்டில் குடிவைத்திருப்பதைப் பார்க்கிறபோது, வாழ்க்கையைப் பற்றிய ஒரு கேள்வியும் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பிரியத்திலிருந்து அந்தப் பித்தைக் கழித்துவிட முடியுமா? கழித்தால் மிஞ்சுவது என்ன?

இன்று ஆங்கிலம் பேசுகிறவர்கள் ‘ஃபாண்ட்’ என்பதை எங்கே எடுக்கிறார்கள் என்று கவனித்தால் ஒன்று புலப்படும். பார்த்தவுடனே காதல் வரும் என்று அவர்களும் சொல்வார்கள். பார்த்தவுடனே ‘ஃபாண்ட்’ ஆனேன் என்று யாரும் சொல்வதில்லை. அதற்குப் பழக்கம் வேண்டும், நாள் ஆக வேண்டும். வீட்டுக் கிழட்டு நாய், ஒன்றுவிட்ட அத்தை, முழங்கை தேய்ந்துபோன கோட்டு, தினமும் நடக்கிற தெரு, இவற்றின் மேல் வருவது அது. தகுதி பார்த்து வருவதும் இல்லை. அந்த அத்தையைவிடக் கெட்டிக்கார அத்தைகள் ஊரில் இருப்பார்கள். அந்த நாயைவிட அழகான நாய் எதிர்வீட்டிலேயே இருக்கும். ஏன் இதன் மேல் என்று கேட்டால் பதில் இருக்காது. காரணம் சொல்ல முடியாத இந்த இடத்தில்தான் பழைய மூடத்தனம் சொல்லுக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு சுத்தமாக வரவில்லை என்று வாத்தியார் வீட்டுத் திண்ணைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை அப்பத்தா வாய் திறக்கவில்லை. அப்புறம் அம்மாவிடம் சொன்னார்: “எம் பேரனுக்கா கணக்கு வராது? அந்த வாத்தியாருக்குச் சொல்லிக்குடுக்க வரல.” வாத்தியார் நல்ல வாத்தியார். அப்பத்தாவுக்கும் அது தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் முறத்தில் புளியங்கொட்டையை எடுத்து வந்து தரையில் கொட்டினார். ஒன்பது ஒன்பதாக வரிசை கட்டி வைத்துவிட்டு, “இப்பச் சொல்லு, மூணு வரிசைக்கு எத்தன?” என்றார். எண்ணிச் சொன்னேன். சரியா தப்பா என்று பார்க்க அவரும் விரல் வைத்து ஒவ்வொரு கொட்டையாக எண்ணினார். ஒன்பதாம் வாய்ப்பாட்டின் கடைசி வரி வரை அந்த வரிசைகள் திண்ணையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நீண்டன. என்னால் முடியும் என்று அவர் நம்பியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆதாரம் வாத்தியார் கையில் இருந்தது. ஆனால் ஆதாரம் இல்லாத அந்தப் பக்கத்தில் ஒருவர் நின்றதால்தான் நான் அடுத்த நாள் வகுப்புக்குத் தலை நிமிர்ந்து போனேன்.

யூரி பிரான்ஃபென்பிரென்னர் என்ற உளவியலாளர், 1965இல் அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். பிள்ளை வளர்ப்புக்கு என்ன வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். ஒரு குழந்தை நன்றாக வளர, அதன் மேல் நியாயமே இல்லாத அளவுக்குப் பித்தாக ஒரு பெரியவராவது இருந்தாக வேண்டும் என்பது அவர் கடைசிவரை சொல்லிவந்த கருத்து. நியாயமான பாசம் போதும் என்று அவர் சொல்லவில்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, அரசாங்கம் எல்லாம் நியாயமாக இருக்கட்டும். அங்கே எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான். வீட்டில் ஒருவருக்காவது இந்தப் பிள்ளை எல்லாப் பிள்ளையையும் போல இருக்கக் கூடாது.

இந்தப் பித்து நம் ஊரில் போட்ட வேஷங்கள் பல. பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்தது பிறந்தால், அதைக் கொண்டுபோய்க் குப்பை மேட்டில் கிடத்தி எடுத்துவந்து குப்பன் என்றோ குப்பம்மாள் என்றோ பேர் வைப்பார்கள். அல்லது பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துப் பிச்சையாகத் திரும்ப வாங்கி, பிச்சை என்று பேர் வைப்பார்கள். குப்பைதானே என்று எமன் கண்டுகொள்ளாமல் போய்விடுவான் என்று கணக்கு. இதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அந்தத் தாயை நினைக்கிறேன். இரண்டு மூன்றை மண்ணுக்குக் கொடுத்தவள், இதையும் கொடுக்க நேருமோ என்ற நடுக்கத்தில், உலகத்திலேயே தனக்கு அருமையான ஒன்றைக் குப்பை என்று ஊரறியக் கூப்பிடுகிறாள். கன்னத்தில் மையை அப்புவதும், பிள்ளை அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே “எங்க, ஒண்ணும் சாப்பிடறதே இல்ல” என்று பேச்சை மாற்றுவதும் அதே மனத்தின் வேலைதான். பிரியத்தை ஒளித்துவைத்தவர்கள் அவர்கள். பிரியம் இல்லாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்லிவிட முடியாது.

பித்தும் அறிவும் ஒரே மனத்தில் இருக்க முடியாது என்று நினைப்பவர்களுக்கு நான் டார்வினைக் காட்டுவேன். 1839இல் மூத்த மகன் பிறந்ததிலிருந்து அவனை அவர் கூர்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தார். எப்போது தும்மினான், எப்போது முதலில் கோபப்பட்டான், எப்போது கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தான் என்றெல்லாம். 1877இல் அது கட்டுரையாகவும் வந்தது. அந்த மனிதரின் மகள் ஆனி, பத்து வயதில், 1851 ஏப்ரல் 23 அன்று மால்வெர்ன் என்ற ஊரில் நோயில் இறந்துபோனாள். ஒரு வாரத்தில் அவர் உட்கார்ந்து அவளைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். அச்சிடுவதற்காக எழுதவில்லை, மறந்துவிடக் கூடாது என்று எழுதினார். அரைமணி நேரம் உட்கார்ந்து அப்பாவின் தலைமுடியை வாரி அழகு பார்ப்பாளாம். அப்பாவுக்காக ஒரு சிட்டிகை மூக்குப்பொடியைத் திருடிக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று ஓடி வருவாளாம். கொடுக்கிற சந்தோஷத்தில் முகம் மலர்ந்திருக்குமாம். குறிப்பெடுத்துப் பழகிய அதே கண்தான் இதையும் பார்த்திருக்கிறது. பிரியம் அந்தக் கண்ணை மறைக்கவில்லை. இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்விட்டது.

அடுத்த நூற்றாண்டில் அறிவியலின் பெயரால் வந்தவர்கள் வேறு மாதிரி பேசினார்கள். ஜான் வாட்சன் அமெரிக்க உளவியலில் பெரிய பெயர். 1928இல் அவரும் அவர் மனைவி ரோசலி ரேனரும் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்று கொண்டுவந்தார்கள். அளவுக்கு மீறிய தாய்ப்பாசத்தின் ஆபத்துகளைப் பற்றியே அதில் ஒரு அத்தியாயம் இருந்தது. பிள்ளையைக் கட்டி அணைக்காதே, முத்தம் கொடுக்காதே, மடியில் உட்காரவைக்காதே என்றது அது. காலையில் பார்த்தால் கைகுலுக்கு. கஷ்டமான வேலை ஒன்றை நன்றாக முடித்தால் தலையில் ஒருமுறை தட்டிக்கொடு. வாட்சன் ஒருவர் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. நியூசிலாந்தில் ட்ரூபி கிங் என்ற மருத்துவர் கடிகாரம் பார்த்து நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கச் சொன்னார். நடுவில் அழுதால் அழட்டும் என்பது அந்தக் காலத்துப் பாடம். லட்சக்கணக்கான தாய்மார்கள் பால் சுரந்து சட்டை நனைய, கதவுக்கு இந்தப் பக்கம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூக்கினால் பிள்ளை கெட்டுப்போய்விடும் என்று படித்தவர்கள் சொல்கிறார்களே என்ற பயம்.

ரோசலி ரேனர் 1930இல் பெற்றோருக்கான ஒரு பத்திரிகையில் தன் பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கணவரின் கொள்கை சிலவற்றுக்குத் தலை வணங்குவதாகவும் சிலவற்றில் தனக்குள் கலகம் எழுவதாகவும் அதில் ஒத்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் கணவரோடு சேர்ந்து வேலை செய்தவர், விஷயம் தெரிந்தவர். அவருக்கே அந்த வீட்டில் தன் பிள்ளையைத் தூக்க மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கட்டுரையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் பழைய கூட்டுக்குடும்பங்களின் அப்பாக்கள் நினைவுக்கு வருவார்கள். தன் அப்பா அம்மா முன்னால் தன் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். பெரியவர்கள் படுத்த பிறகு, தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். வாட்சனின் புத்தகம் அவர்கள் கைக்கு வந்ததே இல்லை. பிரியத்தைக் காட்டினால் சின்னவனாகிவிடுவோம், பைத்தியக்காரன் என்பார்கள் என்ற கூச்சம் மட்டும் அங்கேயும் அதுவேதான்.

இந்தக் கூச்சத்துக்கு என்ன விலை என்பது 1950களில் லண்டன் மருத்துவமனைகளில் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த நாட்களில் பிள்ளையை வார்டில் சேர்த்தால் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று சில இடங்களில் விதி. இன்னும் கடுமையான இடங்களும் இருந்தன. முதல் மாதம் பார்க்கவே கூடாது, வேண்டுமானால் இரவில் தூங்கும்போது எட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பெற்றோர் வந்தால் நோய் தொற்றும், வந்துபோனால் பிள்ளை அழும், வார்டு ஒழுங்கு கெடும் என்பது காரணம். பார்க்க வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிள்ளை அடங்கிவிடுகிறது என்று அனுபவத்திலிருந்து சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. அடங்கத்தான் செய்தது.

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்த அடங்கலை நம்பவில்லை. போர்க்காலத்தில் உளப்பகுப்பாய்வாளர் ஆனா ஃபிராய்டு லண்டனில் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் பாய்லர் பார்க்கும் வேலை, தீ காவல் வேலை என்று சேர்ந்து, பிறகு குழந்தைகளைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்டவர். மனநல மருத்துவர் ஜான் பௌல்பியோடு வேலை செய்தார். கையில் ஒரு சின்ன சினிமா காமிராவோடு, லாரா என்ற இரண்டரை வயதுகூட நிரம்பாத குழந்தை தொப்புள் குடலிறக்க அறுவைக்காக வார்டில் இருந்த எட்டு நாட்களைப் படம் பிடித்தார். அழுகிற நேரமாகப் பார்த்து எடுத்துவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக, தினமும் குறித்த நேரத்தில், சுவர்க்கடிகாரம் தெரியும்படி எடுத்தார்.

லாரா வீறிட்டு அழும் பிள்ளை இல்லை. வயதுக்கு மீறிய அடக்கம். பொம்மைக் கரடியையும் வீட்டிலிருந்து வந்த துணியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விளையாட்டின் நடுவே, சத்தம் கூட்டாமல் அம்மா எங்கே என்று கேட்பாள். முகம் கோணும். அடுத்த நொடியே சரிசெய்துகொள்வாள். வீட்டுக்குப் போகும் நாளில் தன் சாமான்களை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு நடக்கிறாள். அம்மா நீட்டும் கையை மட்டும் பிடிக்கவில்லை. 1952இல் லண்டனில் மருத்துவர்கள் கூட்டத்தில் இந்தப் படத்தைப் போட்டபோது பலருக்குக் கோபம் வந்தது. மருத்துவமனைகளை அவதூறு செய்கிறான் என்றார்கள். ராபர்ட்சன் சொன்னது இதுதான்: பிள்ளை முதலில் அழுது எதிர்க்கிறது, அப்புறம் நம்பிக்கை இழக்கிறது, கடைசியில் மனத்தை விலக்கிக்கொள்கிறது. நீங்கள் சமாதானமாகிவிட்டது என்று எழுதிவைப்பது இந்தக் கடைசிப் படியைத்தான். 1959இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலம் பற்றி ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்த நேரமும் வந்துபோக விட வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசுக்குப் பரிந்துரைத்தது. பல வார்டுகளில் அது நடைமுறைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. ஏறக்குறைய அதே சமயத்தில், 1958இல், அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் குரங்குக் குட்டிகளை வைத்துச் செய்த சோதனையை வெளியிட்டார். பால் தரும் கம்பிப் பொம்மைத் தாயைவிட, பால் தராத துணிப் பொம்மைத் தாயின் மேல்தான் குட்டிகள் நாளெல்லாம் தொற்றிக்கொண்டு கிடந்தன. தாயிடமிருந்து பிரித்த அந்தக் குட்டிகளைச் சித்திரவதை செய்துதான் இதை நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை. எந்தக் கிராமத்துப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

என் உறவுப் பெண் ஒருத்திக்கு எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிரசவமாகிவிட்டது. அரசு மருத்துவமனை. கண்ணாடிப் பொட்டியில் வைத்திருப்பார்கள், வெளியிலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டும் என்று நினைத்துப் போனேன். உள்ளே சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தாய். மேல்சட்டைக்குள், வெறும் மார்பின் மேல், தவளைக்குட்டியைப் போலக் கைகால் மடக்கிக் குழந்தை படுத்திருக்கிறது. தலையில் குல்லா, காலில் சாக்ஸ், இடுப்பில் நாப்கின். முகம் ஒருபக்கம் திரும்பியிருக்க, தாயையும் பிள்ளையையும் சேர்த்து நீளத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கடைசி நாற்காலியில் ஒரு இளம் தகப்பன். கட்டட வேலை செய்கிறவர் போல, விரல் முட்டிகளில் சிமெண்டு அரித்த தழும்பு. அந்தக் கை மொத்தமும் குழந்தையின் முதுகை மூடியிருந்தது. ஊரில் அவருடைய அப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. அங்கே நர்ஸ் வந்து, “இன்னும் ஒரு மணி நேரம் வச்சிருங்கண்ணே, நல்லா சூடு பிடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

1978வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனை ஒன்றில், எட்கர் ரே என்ற மருத்துவர் வேறு வழியில்லாமல் தொடங்கிய முறை இது. கங்காரு முறை என்று பேர் வந்துவிட்டது. வசதி இல்லாத இடத்துக்கு மாற்று என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியாவையும் சேர்த்து ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை தேறும்வரை காத்திராமல், பிறந்த உடனே தாயின் மார்பில் வைத்தார்கள். வழக்கமான முறையில் முதல் 28 நாட்களில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்த இடத்தில், இவர்களில் 12 பேர் இறந்தார்கள். கெடுத்துவிடும் என்று வாட்சன் எதைத் தடுத்தாரோ அதை இன்று மருத்துவர் சீட்டில் எழுதிக்கொடுக்கிறார்.

பித்துக்குத் தலை கிடையாது, அது எங்கே வேண்டுமானாலும் போகும் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. திருதராட்டிரனுக்குக் கண் தெரியாது என்பதைவிட, துரியோதனன் செய்வது தெரிந்தும் தடுக்காததுதான் குலத்தை அழித்தது. மகன் ஒரு பெண்ணின் வழியை மறித்தான் என்று புகார் வரும்போது, “எம் புள்ள அப்படிப் பண்ண மாட்டான்” என்று சொல்லும் தகப்பன் அந்தப் பரம்பரை. அப்பத்தா வாத்தியாரைக் குறை சொன்னார், சரி. ஆனால் புளியங்கொட்டையை எடுத்து வைத்தார். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்பதை அவர் வாயால் மறுத்தாலும் கையால் மறுக்கவில்லை. பொன்குஞ்சு என்று கொண்டாடுவது வேறு, அது கொத்தியதை மறைப்பது வேறு. என் அனுபவத்தில், பிள்ளையின் தப்பை மறைக்கிறவர்களிடம் பிரியம் அதிகம் இருந்து பார்த்ததில்லை. தங்கள் பேர் கெடுமே என்ற கவலைதான் அதிகம் இருந்தது.

லியர் அரசன் கதையும் இங்கே வந்தாக வேண்டும். எண்பது வயது கடந்தவர், நாட்டைப் பங்கிடும் நாளில் மூன்று மகள்களையும் நிறுத்தி, யாருக்கு என் மேல் எவ்வளவு பிரியம் என்று சொல்லுங்கள், அதற்குத் தக்கபடி தருகிறேன் என்கிறார். மூத்தவர்கள் இருவரும் மூட்டை மூட்டையாகச் சொல்கிறார்கள். கடைக்குட்டி கார்டீலியாவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, விரட்டப்படுகிறாள். எல்லாம் இழந்து, புயலில் அலைந்து, புத்தி கலங்கி, பிறகு அவளை மறுபடி பார்க்கும் இடத்தில் லியர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது ஷேக்ஸ்பியர் எடுத்துக்கொடுப்பது ‘ஃபாண்ட்’ என்ற இதே சொல்லைத்தான். அன்றைய காதுக்கு அது மூடக் கிழவன். இன்றைய காதில் பாசக் கிழவன் என்றும் கேட்கிறது. இரண்டும் அவருக்குப் பொருந்துவதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். கார்டீலியா மேல் அவர் வைத்த பிரியம் மூடத்தனம் இல்லை. அதற்குத் தராசு பிடித்ததுதான் மூடத்தனம்.

பழமொழியின் பின்பாதி, பிள்ளை மனம் கல்லு என்பது, வயதான காலத்துக்கு. பித்து அப்போது வேறு உருவில் பெற்றவர்களிடமே திரும்பி வருகிறது. கேட்டதையே கேட்பார்கள், வைத்த இடம் மறக்கும், போனவர்களை வந்தார்களா என்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மேல் காரணம் கேட்காத பிரியம் வைக்க யார் இருக்கிறார்கள் என்பது இன்று நம் வீடுகளில் இருக்கும் பெரிய கேள்வி என்று நினைக்கிறேன்.

என் பெரியப்பா ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் இருந்தார். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம், பாஸ் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். பெரியம்மா வெளியே வரிசை நாற்காலியில் கையில் ஃபிளாஸ்க்கோடு இருந்தார். உள்ளே பெரியப்பா முதல் இரண்டு நாள் டியூபைப் பிடுங்கப் பார்த்தார், சத்தம் போட்டார், பெரியம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். அடுத்து நான் உள்ளே போனபோது நர்ஸ் நல்ல சேதியாகச் சொன்னார்: “இன்னிக்கு அமைதியா இருக்காரு சார், ஒத்துழைக்கிறாரு.” பெரியப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தொட்டேன். அவர் திரும்பவில்லை. எனக்கு லாரா ஞாபகம் வந்தது.

தொற்று வரும், ஒழுங்கு கெடும் என்று 70 ஆண்டுகளுக்கு முன்னால் குழந்தைகள் வார்டில் சொன்னதைத்தான் இன்று இங்கேயும் சொல்கிறார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஐ.சி.யு.வில் தொற்று உயிரைப் பறிக்கும். ஆனால் பிரேசிலில் 36 ஐ.சி.யு.க்களில் இதைச் சோதித்துப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை சொந்தக்காரர் உள்ளே இருக்க விட்டார்கள். தொற்று குறிப்பிடும்படி கூடவில்லை. நோயாளியின் மனக்குழப்பம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவும் இல்லை, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். கூட இருந்தவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் தெளிவாகக் குறைந்திருந்தன. பிரியம் மருந்து என்று நிரூபிக்க இது போதாது. நிரூபித்தால்தான் அனுமதிப்போம் என்பதும் சரியில்லை. 55 வருடம் ஒரே தலையணையில் படுத்தவரைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறவர்கள்தான் காரணம் சொல்ல வேண்டும்.

பெரியம்மா கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டில் பக்கத்தில் உட்கார இடம் வேண்டும் என்றார். கை கழுவச் சொன்னால் கழுவுகிறேன், முகத்துக்கு எதைக் கட்டச் சொன்னாலும் கட்டிக்கொள்கிறேன் என்றார். ஒரே கேள்வியைப் பெரியப்பா நாற்பது தடவை கேட்டால் நாற்பது தடவையும் பதில் சொல்ல அவரால் முடியும். அத்தனை கட்டில்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும் நர்ஸால் அது முடியாது, அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. சம்பளம் கொடுத்து ஆள் வைக்க முடியாத வேலை அது. அதற்குரிய ஆள் வாசலிலேயே ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கும்போது, உள்ளே ஒரு நாற்காலி போடுவதற்கு மருத்துவமனைகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.